தறியில் நிற்கும் மூன்றாவது வேட்டிக்காக ஒரு திறந்த மடல்

சேலம் மாநகரிலும் சுற்று வட்டாரத்திலும் இயங்கிவரும் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களாகிய நெசவாளப் பெருமக்களுக்கும் அம்மாபேட்டையிலிருந்து என் வணக்கம்.

என் தந்தையார் கடந்த தை மாதத்தில், தமது 74ஆம் வயதில் காலமானார். முந்தின நாள் விளக்கு வைக்கும் வரை தறியில் அமர்ந்திருந்தார். இரவு நெஞ்சை அடைப்பதாகச் சொன்னார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சங்கத்திலிருந்து கடைசியாக அவர் வாங்கிவந்த பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், நான்கு வேட்டிகளுக்கானது. அவற்றுள் இரண்டை நெய்து கொடுத்துவிட்டார். மூன்றாவது வேட்டி இரண்டு முழம் வரை வளர்ந்து, இந்த மடலை நான் எழுதும் நேரத்திலும் அவர் விட்ட இடத்திலேயே தறியில் நிற்கிறது. தூசி படியாமல் இருக்க, வெளுத்த பழைய புடவை ஒன்றை அதன்மேல் என் தாயார் போர்த்தி வைத்திருக்கிறார்.

ஒரு கோரிக்கையோடு உங்கள் முன் வருகிறேன். சேலத்தில் நெய்யப்படும் ஒவ்வொரு வெண்பட்டு வேட்டியோடும், அதை நெய்தவரின் பெயரும், அதற்குத் தார் சுற்றி, அதாவது குறுக்கிழை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுத்து உடனுழைத்தவரின் பெயரும் எழுதிய ஓர் அட்டை வாங்குபவரின் கைக்குச் சென்று சேர வேண்டும். இதைக் கேட்பதற்கு எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். நான் நெசவாளி அல்லள். அரசுப் பள்ளியொன்றில் தமிழ் கற்பிக்கிறவள். ஆனால் அந்தத் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்துதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட அந்தத் தறியைத் தவிர வேறெங்கிருந்தும் வந்ததில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு, சாமி படத்துக்குக் கீழே இருந்த டிரங்குப் பெட்டியை அம்மா திறந்து காட்டினார். அதில் சங்கத்தின் பாஸ் புத்தகங்கள் 11 இருந்தன. முதல் புத்தகத்தின் அட்டையில் 1974 என்று எழுதியிருந்தது. மூன்று இரவுகள் உட்கார்ந்து அவற்றை வரி விடாமல் படித்தேன். எந்தத் தேதியில் எவ்வளவு நூல் கொடுக்கப்பட்டது, எந்தத் தேதியில் துணி திரும்பி வந்தது, துணியின் எடை என்ன, நூல் கழிவு எவ்வளவு, கூலி எவ்வளவு, சேமிப்புத் திட்டத்துக்கும் கடனுக்கும் பிடித்தது எவ்வளவு என்பதெல்லாம் ஐம்பது ஆண்டுகளுக்குக் கிராம் கணக்கிலும் பைசா கணக்கிலும் பதிவாகியிருக்கின்றன. இந்தக் கணக்குகளை எழுதிய கைகளை நான் மதிக்கிறேன். தனியார் முதலாளிகளிடம் நெய்த எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படியொரு ஏடுகூட மிஞ்சவில்லை என்பதை அறிவேன். இருந்தும், கடைசிப் புத்தகத்தை மூடி வைத்தபோது மனத்தை ஒன்று உறுத்தியது. சங்கத்தின் ஏட்டில் இத்தனை முறை எழுதப்பட்ட அந்தப் பெயர், அவர் நெய்த துணிகளில் ஒன்றன்மீதுகூட எழுதப்பட்டதில்லை. அந்த வேட்டிகளைக் கட்டிக்கொண்டவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அவரோடு சரிபாதி உழைத்த என் தாயாரின் பெயரோ, 11 புத்தகங்களில் வாரிசுதாரர் என்ற ஒரே இடத்தில் மட்டும் வருகிறது.

வெண்பட்டு நெய்கிற வீடு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கக்கூடிய மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. புழுவின் கூட்டிலிருந்து எடுத்த பட்டிழையைச் சுற்றி ஒரு பசை இருக்கும். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்தப் பசைதான். சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதைப் போக்கிய பிறகே இழைக்கு அந்த வெண்மையும் மென்மையும் வரும். சாயப் பட்டில் ஒரு சிறு அழுக்கு பூவோடு பூவாக மறைந்துபோகும். வெண்பட்டில் எதுவும் மறையாது. ஒரு துளி வியர்வைகூட, காய்ந்த பிறகு மங்கலான வட்டமாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த வெண்மைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தோம். அப்பா இருபது வயதுக்கு முன்பே வெற்றிலை போடுவதை விட்டவர். திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீரும் குடிக்காதவர், தறியில் உட்காரும் முன்பு மட்டும் நெற்றியில் இருப்பதை ஈரத்துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, அதே துண்டை மடித்து நெற்றியில் கட்டிக்கொள்வார். குனிகிறபோது வியர்வையோடு கரைந்து அது பாவின்மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. மாலையில் குழியைவிட்டு எழுந்ததும் கைகால் கழுவிப் புதிதாகப் பூசிக்கொள்வார். அந்த இரண்டு பூச்சுக்கும் நடுவில் இருந்ததுதான் அவருடைய பகல்.

அம்மாவின் கட்டுப்பாடு இதைவிடக் கடினமானது. வெள்ளிக்கிழமைகளில் முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, கையிலிருக்கும் மஞ்சள் போகும்வரை சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். பிறகுதான் ராட்டையைத் தொடுவார். நல்ல நாளில் மஞ்சளைக் கழுவுகிறாளே என்று பாட்டி முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன். "மஞ்சள் முகத்துல இருக்குதுங்க அத்தை, நூல்ல இருக்கக் கூடாது" என்று அம்மா பதில் சொல்வார். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் ராட்டை சுற்றத் தொடங்கினால்தான் ஏழு மணிக்கு, அந்தத் தாரைச் சுமந்து பாவுக்குக் குறுக்கே போய்வரும் அப்பாவின் நாடா ஓட முடியும். தார்க்குச்சியில் நூல் சீராக ஏறுகிறதா என்பதைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால்தான் அறிவார்கள். ஓடுகிற இழையை வலது கைச் சுட்டுவிரலின் பக்கவாட்டில் தாங்கியே சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றிச் சுற்றி அம்மாவின் அந்த விரலில், முதல் கணுவுக்குச் சற்று மேலே, இழை ஓடிய தடம் ஒரு கோடாகப் பதிந்திருக்கிறது. இப்போது தார் சுற்றாத இந்த நாட்களிலும் பேசிக்கொண்டிருக்கும்போது கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் அச்சிடப் போகும் அட்டையில் இரண்டாவது பெயருக்கு இடம் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த விரலைக் காட்டுவேன்.

2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டிருப்போர் 35 லட்சத்துக்கும் மேல் என்றும், அவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள் என்றும் சொல்கிறது. நம் சங்கங்களின் உறுப்பினர் பதிவேட்டில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்களே ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பக்க வேலை என்று நாம் பேர் வைத்துவிட்ட வேலைக்குப் பதிவேட்டில் இடமில்லாமல் போய்விட்டது.

பாஸ் புத்தகத்தில் நான் கண்ட ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1989ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு வேட்டிக்கு எதிரே, 'கறை' என்று எழுதி 18 ரூபாய் பிடித்தம் செய்திருக்கிறார்கள். அது என்ன கறை என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா முதலில் சொல்ல மறுத்தார். பிறகு சொன்னார். அந்த வருடப் பிள்ளையார் சதுர்த்தியன்று எட்டு வயதுக் குழந்தையாக இருந்த நான், பூஜையில் குங்குமம் தொட்ட கையோடு தறிக்குப் பக்கத்தில் ஓடிப்போய், நெய்திருந்த பாகத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஐந்து விரலில் மூன்று விரல் பதிந்துவிட்டது. அப்பா அதைத் துடைக்கப் பார்க்கவில்லை, துடைத்தால் பரவும். சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது எப்படிக் கறை பட்டது என்று கேட்டதற்குத் தமது கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு தடவைகூட, வேடிக்கையாகக்கூட, அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அந்தப் பிடித்தம் செய்தவரை நான் குறை சொல்லவில்லை. விதிப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்தார். ஒரு தவறு நடந்தபோது அது யாருடைய துணி என்று சங்கத்துக்கு உடனே தெரிந்தது என்பதை மட்டும் கவனித்தேன். பழுதுள்ள ஒரு துணியைப் பெயரோடு சேர்த்து எழுதிய அதே ஏடு, பழுதில்லாத ஆயிரக்கணக்கான முழத்தைப் பெயரில்லாமல் கடைக்கு அனுப்பியிருக்கிறது.

அப்பாவின் பக்தியைப் பற்றிச் சொல்லாமல் அவர் தொழிலைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. அவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஒவ்வொரு கிருத்திகைக்கும் இருட்டோடு எழுந்து குளித்து, குமரகிரி மலைப்படிகளை ஏறி தண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பித் தறியில் உட்கார்வார். அன்று இரவு பலகாரம் வரை ஒன்றும் சாப்பிட மாட்டார். வயிறு காலியாக இருக்கும் நாளில் கால் மிதி தவறாது என்பது அவர் சொல்லும் காரணம். நாடா போய்வருகிற தாளத்துக்கு ஒத்துவரும் முருகன் பாடல்களை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பார். பாட்டு நின்றுவிட்டால் எங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது என்று அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மனுக்கும் எட்டுப் பேட்டை அம்மன்களுக்கும் திருவிழா நடக்கும்போது ஊரே தெருவில் நிற்கும். அப்போதும் பகலில் நெய்ய வேண்டியதை நெய்துவிட்டே கிளம்புவார். அமாவாசை ஒன்றுதான் தறிக்கு ஓய்வு. அன்று குழியைப் பெருக்கி, மிதிபலகையைத் துடைத்து, தறிமரத்துக்குப் பொட்டு வைத்து, கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து முடிச்சுப் போடுவார். எனக்கு அமாவாசை என்றால் இன்றும் விளக்கெண்ணெய் தடவிய மரத்தின் வாசனைதான் நினைவுக்கு வருகிறது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்தில் 28 ஆண்டுகள் தவறாமல் போனார். முழங்கால் ஒத்துழைக்காததால் கடைசிச் சில வருடங்கள் போகவில்லை. கூட்டம் புறப்படும் நாளில் தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வருவார். இந்த ஆண்டு அவர் இறந்த ஐந்தாம் நாள் கூட்டம் புறப்பட்டது. துக்க வீட்டுக்குள் விரதக்காரர்கள் வரக் கூடாது என்பதால் அவர்கள் முனையிலேயே நின்றுவிட்டார்கள். எங்கள் வாசலைப் பார்த்து ஒரே ஒரு முறை அரோகரா சொல்லிவிட்டு நடந்தார்கள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டிரங்குப் பெட்டியில் பாஸ் புத்தகங்களோடு ஒரு நூலில் கோத்த ரசீதுகளும் இருந்தன. தள்ளுபடிக் காலத்தில் சங்க விற்பனை நிலையத்தில் வெண்பட்டு வேட்டி வாங்கியதற்கான ரசீதுகள் அவை, வருடத்துக்கு ஒன்று. அப்பா பட்டு வேட்டி கட்டி நான் பார்த்ததில்லை. அவருடைய கல்யாண வேட்டியை என் தம்பியின் கல்யாணத்துக்குத்தான் மறுபடி எடுத்தார். அப்படியானால் இவை யாருக்கு என்று கேட்டேன். குமரகிரியாருக்கு என்றார் அம்மா. நூல் சங்கத்துடையது என்பதால் தாம் நெய்வதிலிருந்து ஒன்றை எடுத்துச் சாமிக்குச் சாத்த அவருக்கு மனம் வராது. ஆகவே கூலியில் மிச்சம் பிடித்து, வரிசையில் நின்று, தாமோ தம்மைப் போன்ற ஒருவரோ நெய்த வேட்டியைத் தள்ளுபடி விலை கொடுத்து வாங்கி, மலையேறிப்போய் அர்ச்சகரிடம் கொடுத்திருக்கிறார். அந்த ரசீதுகளில் வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. பெரியோர்களே, என் தந்தையின் பெயரும் ஒரு வெண்பட்டு வேட்டியும் ஒரே தாளில் சேர்ந்து வந்தது அவர் அதை விலைக்கு வாங்கிய நாட்களில்தான். இதைப் படித்த இரவுதான் இந்த மடலை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் சுகவனேசுவரர் கோயிலில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு அப்பாவோடு போயிருந்தேன். அன்று முகூர்த்த நாள். மண்டபத்தில் எங்கள் திருமணத்தோடு வேறு சில திருமணங்களும் நடந்துகொண்டிருந்தன. அப்பா எங்கள் மாப்பிள்ளையைப் பார்க்காமல், முன்பின் தெரியாத வேறொரு மாப்பிள்ளையின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்நிதியைச் சுற்றி அவர்கள் வலம்வந்தபோது இவரும் இரண்டடி பின்னால் நடந்தார். நான் கையைப் பிடித்து இழுத்து என்னப்பா என்றேன். "நம்ம தறி, பாப்பா" என்றார் மெதுவாக. கரையின் ஓரத்தில் நாடா திரும்புகிற இடத்தை அவர் ஒருவிதமாக இறுக்குவார். அவருக்கு மட்டும் தெரிகிற அடையாளம் அது. அந்த மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்லுங்களேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம், "நல்ல பையன் கட்டியிருந்தான், உசரத்துக்குச் சரியா இருந்துச்சு" என்றார். அம்மா எந்த மாதத்துத் துணி என்று கேட்க, இருவரும் வெகுநேரம் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாப்பிள்ளைக்கு இப்போது வளர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள். அந்த வேட்டி அவர் வீட்டுப் பீரோவில் மஞ்சளேறி மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். ஓர் அட்டை அதோடு இருந்திருந்தால், தம் வாழ்வின் பெரிய நாளில் தாம் கட்டிக்கொண்டது யாருடைய கைவேலை என்று அவர் அறிந்திருப்பார். ஒருவேளை ஒரு நாள் அம்மாபேட்டைப் பக்கம் வந்து எங்கள் வாசலில் நின்றிருக்கவும்கூடும்.

இது நடக்க முடியாத காரியம் இல்லை. 1935இல் தோன்றி இன்றும் நெசவாளர்களின் பொது நிறுவனமாக இயங்கும் கோ-ஆப்டெக்ஸ், பட்டுப் புடவைகளோடு அவற்றை நெய்தவரின் படமும் பெயரும் தாங்கிய அட்டையை வைத்து விற்றிருக்கிறது. புடவைக்கு முடிந்தது வேட்டிக்கு முடியாதா? அட்டைக்கு ஆகும் செலவு ஒரு வேட்டியின் விலையில் கணக்கில் வராத அளவுதான். விவரங்களை நீங்கள் புதிதாகத் திரட்டவும் வேண்டியதில்லை. எந்தத் துணி எவருடையது என்பது உங்கள் ஏட்டிலேயே இருக்கிறது. ஏட்டிலிருந்து அட்டைக்கு அதைப் பெயர்த்தெழுத வேண்டும், அவ்வளவே. கூட ஒரு கோடு போட்டு, தார் சுற்றியவர் பெயரை உறுப்பினரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. துணியின் ஓரத்திலேயே எழுத்தை நெய்துவிடும் வழிகளை அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் ஆசையோடு செய்து காட்டுவார்கள். அது பிறகு நடக்கட்டும். முதலில் அட்டை.

சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை நாம் எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்; நானும் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆனால் 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டம் ஊரின் பெயரை மட்டும் காக்க வந்ததில்லை. அந்தப் பொருளை உண்மையாகவே செய்கிற ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள அதில் வழி இருக்கிறது. பதிவு அலுவலகம் தொலைவில் இல்லை, சென்னையில்தான் இருக்கிறது. என் தந்தைக்கு இப்படியொரு வழி இருப்பது தெரியாது. எனக்கும் அவர் போன பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. படிவம் நிரப்பத் தெரியாத நெசவாளருக்குச் சங்கம் நிரப்பிக் கொடுத்து, கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டால், விசைத்தறியில் ஓட்டிய துணியைக் கைத்தறி வெண்பட்டு என்று விற்கிறவர்களை எதிர்க்க உங்களுக்கும் அது கைக்கு ஓர் ஆயுதமாக இருக்கும். சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருந்தும் அந்த வியாபாரம் நிற்கவில்லை என்பதை உங்களிடம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெய்தவர் இன்னார், தெரு இன்னது என்று அட்டையில் இருக்கும் துணியைப் போலியாகச் செய்வது அத்தனை எளிதில்லை.

இந்த மடலின் முதல் படியை அப்பாவின் கூட்டாளி ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்கப்பா இருந்தா இதை எழுத விட்டிருப்பாரா?" விட்டிருக்க மாட்டார். தம்மைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. கையில் வேலை கொடுத்தவன் முருகன், தாம் நாடா தள்ளுகிறவர் மட்டும் என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கையை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த அடக்கம் அவர் தம் கடவுளுக்கு முன்னால் ஏற்றுக்கொண்டது. அதைக் காரணம் காட்டி ஐம்பது ஆண்டுகள் அவர் பெயரை எழுதாமல் விட நமக்கு உரிமையில்லை. கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட அதன்மேல் சிவப்பு மையால் எழுதப்படுகிற ஊரில் அல்லவா இருக்கிறோம். மேலும், பெயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நெசவாளருக்கு இருக்கட்டும். கேட்காமலேயே வேண்டாம் என்று முடிவு செய்யும் வழக்கம் மட்டும் போகட்டும்.

இந்த மடலில் என் தந்தையின் பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது எழுதப்பட வேண்டிய முதல் இடம் இதுவன்று.

தறியில் நிற்கும் மூன்றாவது வேட்டியைப் பற்றி இனிச் சொல்கிறேன். பாவும் நூலும் சங்கத்தின் சொத்து. அவற்றை முடித்து ஒப்படைக்க வேண்டியது எங்கள் கடமை. அறுத்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னான். அம்மா ஒப்பவில்லை. அப்பாவோடு சிறு வயது முதல் பக்கத்துத் தறியில் நெய்துவந்த, நாங்கள் சித்தப்பா என்று அழைக்கிற பெரியவர், தாம் வந்து முடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை காலையில் அவர் குழியில் இறங்குகிறார். அப்பாவைவிட அவருக்கு அடி கொஞ்சம் பலம் என்பதால், இரண்டு முழத்துக்கு மேல் நெசவின் நெருக்கம் சற்று மாறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தர ஆய்வின்போது அதைப் பழுதாகக் கொள்ளாதிருக்க வேண்டுகிறேன். அம்மா நேற்றிரவு சீயக்காய் போட்டுக் கை கழுவிக்கொண்டு, அப்பா இறந்த பிறகு முதல் முறையாக ராட்டையை எடுத்து வைத்தார். ஐந்து தார் சுற்றிவிட்டார்.

அந்த வேட்டியை அடுத்த மாத முதல் வாரத்தில் நானே சங்கத்துக்கு எடுத்து வருவேன். கூலியில் எவருக்கு எவ்வளவு என்பதை நாங்கள் பேசிக்கொள்கிறோம். நான் கேட்பதெல்லாம், அன்று அந்த வேட்டியோடு வைக்க ஓர் அட்டை எழுதி வையுங்கள் என்பதே. அதில் மூன்று பெயர்களுக்கு இடம் விடுங்கள். மூன்றையும் நான் வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
நன்றியோடும் எதிர்பார்ப்போடும்,
அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவரின் மகள்,
சேலம்.